பதினேழாம் பெயர்

கச்சான் ஓய்ந்து
வாடை இன்னும் எழும்பாத
இந்த இரண்டு கிழமைக்குள் முடிக்கச் சொல்லிச் சுற்றுநிருபம்.
மழை இறங்கினால் சீனக்குடாவில்
முதலில் நனைவது தகரம்,
பிறகு நெஞ்சு.

ஐஸ் ஆலையில் வரவுப் புத்தகம் என் பொறுப்பு.
யார் எத்தனை மணிக்கு வந்தார்,
யார் எத்தனை தரம் இருமினார்,
இரண்டும் எனக்குத் தெரியும்.
இரண்டாவதை எழுத அதில் நிரல் இல்லை.

தாதி றிஸ்மினா நீலப் பெட்டியோடு வந்தார்.
"ரெண்டு கதிரை, ஒரு மேசை,
வெயில் படாத மூலை, காணும்."
சில்வெஸ்டர், நல்ல மனுஷன்,
பெட்டி சூடாகிவிடும் என்று
வாளி நிறைய நொறுக்கிய ஐஸோடு ஓடி வந்தார்.
"ஐயோ, வேணாம்! உறைஞ்சா மருந்து பழுதாப் போயிரும்."
முப்பது வருடம் தண்ணீரை உறையவைத்தே
சோறு தின்றவர்
வாளியும் கையுமாக நின்றார்,
உறைந்தால் கெடுகிற ஒரு பொருளை
அன்றைக்குத்தான் கண்டவராக.

போன மாரிக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.
கொத்தமல்லி அவித்தோம். பெனடோல் போட்டோம்.
தடிமன்தானே என்றோம்.
ஏற்றுக்கூலி குகநேசன் காய்ச்சலோடு வந்தான்,
வராத நாளுக்கு அவனுக்குச் சம்பளமில்லை.
எல்லாருக்கும் ஒரே கேத்தல், ஒரே நாலு கோப்பை.
ஒன்பதாம் நாள் என் புத்தகத்தில்
பதினான்கு சிவப்புக் கீறல்.
கட்டிகள் அச்சுக்குள்ளேயே கிடந்தன.
இறங்குதுறையில் வள்ளங்கள் காத்திருக்க
சூரைக்குக் கண் வெளுத்தது.
மாசிலாமணி அண்ணர் சீனி வருத்தக்காரர்,
பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனார்.
ஓட்டோ திரும்பி வந்தது.

இன்று ஒவ்வொருவராக.
பியசிறி கண்ணை இறுக்கி மூடி
"இவரத அக்கே?" என்று கேட்டபோது
முடிந்து அரை நிமிடம்.
ஐந்து மாத வயிற்றோடு யோகமலர் தயங்க,
"உங்களுக்குத்தான் கட்டாயம் வேணும்" என்றார் றிஸ்மினா.
நளீம் கேட்டார்:
"இதப் போட்டா காய்ச்சல் வராதா?"
"வரலாம். வந்தாலும்
ஆளை விழுத்துறது குறைவு."
பொய் சொல்லாத பதில்.
நளீம் சட்டைக் கையைச் சுருட்டினார்.

முப்பத்தாறு பெயர், முப்பத்தாறு ஊசி.
ஏற்றுக்கூலிகள் ஏழு பேரும் அதில் இல்லை,
அவர்கள் கொந்தராத்துக்காரரின் ஆட்கள்.
கடிதம் போடுங்கள் என்றார் முகாமையாளர்.
போட்டேன்.
பதில் கொழும்பில் இருக்கிறது.

"பதினேழு. சி. மாசிலாமணி!"

கம்பிரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
பிழை என்னுடையது.
போன வருடக் கோப்பைப் பார்த்து
அப்படியே தட்டச்சு செய்திருக்கிறேன்.
செத்தவர் பெயருக்கு
பெட்டிக்குள் ஒரு ஊசி
சரியான குளிரில் காத்திருக்கிறது.

ஏற்றுவாசலில் குகநேசன்,
முழங்கைவரை உமி ஒட்டியபடி.
"வா" என்றேன்.
"என்ர பேர் இல்லையே அக்கா."
"வா."
"அண்ணருக்கு வந்தது எனக்கு வேணாம்."
அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை.
போன மாரி முழுக்க அவன் சொல்லாததெல்லாம்
அந்த ஒரு வரியில் இருந்தது.
றிஸ்மினா என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார்,
கதிரையைக் காலால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார்.
அவன் இருந்தான்.
"கட்டி தூக்காத கையைத் தாங்க."
"ரெண்டாலயும்தான் தூக்குறன், மிஸ்."

நான் அந்தப் பெயரை வெட்டவில்லை.
கீழே இருந்த ஒல்லி இடைவெளியில்
குகநேசன் கையெழுத்து வைத்தான்,
எழுத்துகள் மேல்வரியில் முட்டாமல்
மிகக் கவனமாக.

பிறகு கடிதத்தின் பிரதியை எடுத்தேன்.
ஏழை வெட்டி ஆறு என்று திருத்தினேன்.
ஆறு பேருக்கும் பெயர் எழுதினேன்,
இம்முறை தொகையாக இல்லை.
வாடைக்கு இன்னும் பதினொரு நாள்.
கலண்டர் சொல்லவில்லை,
சில்வெஸ்டரின் முழங்கால் சொன்னது.